கார்த் திறப்பைக் கொடுக்க முன்: ஒரு கராஜை எப்படி எடைபோடுவது?



ஒன்ராறியோவுக்கு வந்து அகதிக் கோரிக்கை கொடுத்து, வேலை அனுமதிப் பத்திரமும் கையில் கிடைத்த பிறகு, நம்மில் பலர் முதலில் வாங்கும் பெரிய பொருள் ஒரு பழைய கார்தான். அது ஆடம்பரத்துக்கு வாங்குவதல்ல. இரவு இரண்டு மணிக்குத் துப்புரவு வேலை முடித்து வர பஸ் இருக்காது. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குக் கார் இல்லாமல் போகவே முடியாது. குடிவரவு அகதிகள் சபையின் விசாரணைக்கோ, வழக்கறிஞரிடமோ, பிள்ளையை டொக்டரிடமோ கொண்டு ஓடவும் அதுதான் வேண்டும். அந்தக் கார் ஒரு கராஜில் மூன்று கிழமை அடைபட்டால் மூன்று கிழமைச் சம்பளம் போச்சு. வேலையே போனவர்களும் உண்டு.

எங்கள் அலுவலகத்துக்கு வரும் முறைப்பாடுகளில் கராஜ் பிரச்சினையும் ஒன்று. "அண்ணை, நானூறு எண்டு சொன்னவர், இப்ப ஆயிரத்து நூறு கேக்கிறார். காசு தராமல் காரைத் தரமாட்டாராம்." இப்படி வருபவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்த நானூறு எங்கே எழுதியிருக்கு?" என்பதுதான். அதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது.

ஒரு கராஜ் நம்பக்கூடியதா என்பதை ஆளின் பேச்சை வைத்தோ, அவர் எந்த ஊர் என்பதை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். உங்கள் திறப்பை வாங்க முன் அவர் எதையெல்லாம் எழுதித் தரத் தயாராக இருக்கிறார் என்று பாருங்கள். நல்ல கராஜ் கேட்டவுடன் எழுதித் தரும். சாக்குச் சொல்லுகிற கராஜிலிருந்து திறப்போடு வெளியே வந்துவிடுங்கள்.

ஏன் "கொடுக்க முன்"?

திறப்பைக் கொடுக்கும்வரை பலம் உங்கள் பக்கம். கொடுத்த பிறகு பலம் கராஜ்காரர் பக்கம். ஒன்ராறியோவில் திருத்த வேலை செய்தவருக்கு, தனக்குரிய கூலி கிடைக்கும்வரை வாகனத்தைத் தன்னிடம் வைத்திருக்கச் சட்டப்படி உரிமை உண்டு. காசு கட்டவேண்டிய நாளிலிருந்து 60 நாட்கள் கடந்தும் கட்டாவிட்டால், முறைப்படி அறிவித்தல் கொடுத்து வாகனத்தை விற்கவும் அவரால் முடியும். இது பலருக்குத் தெரியாது. "என்ர கார், நான் எடுத்துக்கொண்டு போறன்" என்று வீட்டிலிருக்கும் மற்றத் திறப்பைக் கொண்டுபோய் இரவில் எடுத்துவர நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு கூலித் தகராறு பொலிஸ் விவகாரமாக மாறிவிடலாம். விசாரணைக்குக் காத்திருக்கும் உங்களுக்கு அது வேண்டாத தலையிடி.

ஆகவே பேசவேண்டியதையெல்லாம் முதலே பேசிவிட வேண்டும்.

முதலில் காரில்லாமல் போய்ப் பாருங்கள்

கார் பழுதாகி நடு றோட்டில் நின்ற பிறகு கராஜ் தேடினால் தெரிவு செய்ய நேரம் இருக்காது. கார் நன்றாக ஓடும்போதே ஒருநாள் பஸ்ஸில் என்றாலும் போய் இரண்டு மூன்று கராஜ்களைப் பார்த்து வையுங்கள். பார்க்கவேண்டியவை இவை:

1. நிரந்தர விலாசமும் பெயர்ப் பலகையும் இருக்கிறதா? பில்லில் உள்ள பெயரும் பலகையில் உள்ள பெயரும் ஒன்றா? வெறும் கைத்தொலைபேசி இலக்கத்தை மட்டும் வைத்து யாரோ ஒருவரின் வீட்டு ட்ரைவேயில் நடக்கும் வேலைக்குப் பிறகு முறைப்பாடு செய்ய முகவரி இருக்காது.

2. விலை விபரப் பலகை தொங்குகிறதா? வேலைக்கு மணித்தியாலக் கூலி எவ்வளவு, எஸ்ரிமேற்றுக்குக் காசு எடுப்பார்களா என்பது போன்ற விபரங்களை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி போட வேண்டும் என்பது சட்டம்.

3. அனுமதிப் பத்திரம் எங்கே? ரொறன்ரோ நகரசபை கராஜ்களுக்குத் தொழில் அனுமதிப் பத்திரம் வழங்குகிறது. அது கண்ணில் படவில்லை என்றால் கேளுங்கள்.

4. மெக்கானிக்கின் சான்றிதழ் இருக்கிறதா? ஒன்ராறியோவில் கார் திருத்துவது கட்டாயச் சான்றிதழ் தேவைப்படும் தொழில். சாதாரண கார்களுக்கான மெக்கானிக்கின் சான்றிதழ் இலக்கம் 310எஸ். சான்றிதழ் பெற்றவரோ பதிவுசெய்த பயிலுநரோதான் இந்த வேலையைச் செய்யலாம். 'ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ' என்ற மாகாண அமைப்பின் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். "ஊரில இருவது வருசம் மெக்கானிக்காக இருந்தவர்" என்று சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், கைவேலை நன்றாகவும் இருக்கலாம். ஆனால் பிரேக் வேலை பிழைத்தால் பொறுப்பேற்க இங்குள்ள சான்றிதழ்தான் தேவை.

5. முற்றத்தைப் பாருங்கள். தூசி படிந்து, காற்றுப் போன ரயர்களோடு, கதவு கழற்றியபடி கார்கள் நிறைய நிற்கின்றனவா? அவற்றின் சொந்தக்காரர்கள் எங்கோ காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாளைக்கு உங்கள் காரும் அந்த வரிசையில் நிற்கலாம்.

6. காப்புறுதி பற்றிக் கேளுங்கள். உங்கள் கார் அவர்களிடம் நிற்கும்போது களவு போனால், தீப்பிடித்தால், அவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது இடிபட்டால் யார் பொறுப்பு? கராஜ்களுக்கென்று தனியான வாகனக் காப்புறுதி உண்டு. இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பிறகு ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ஒயில் மாற்றுவது போன்ற ஒரு வேலை போதும். முதலே விலை சொன்னார்களா, சொன்ன நேரத்துக்கு முடித்தார்களா, கேட்காமலே பில் தந்தார்களா என்று கவனியுங்கள். வகுப்பில் முதல் மாதச் சோதனை வைப்பது போலத்தான். அதில் கோட்டைவிட்டவரிடம் பெரிய வேலையைக் கொடுக்க வேண்டாம்.

எஸ்ரிமேற் என்ற அந்தத் துண்டு

உங்களுக்குக் கைகொடுப்பது ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002. (அதற்குப் பதிலாக வரவேண்டிய புதிய சட்டம் ஒன்று 2023 டிசம்பரில் நிறைவேறியது. ஆகவே வழக்கு, முறைப்பாடு என்று போகும் நாளில் எந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) 2002ம் ஆண்டுச் சட்டத்தில் வாகனத் திருத்தத்துக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. திருத்த வேலை மட்டுமல்ல, வாகனத்தில் செய்யும் மற்ற வேலைகளுக்கும் அது பொருந்தும். அதன் சாரம் இது:

எழுத்தில் மதிப்பீடு தராமல் கூலி கேட்க முடியாது. இதைத்தான் எஸ்ரிமேற் என்கிறோம். நீங்களாகவே "எஸ்ரிமேற் வேண்டாம், இவ்வளவு டொலருக்கு மேல் போகக் கூடாது" என்று ஓர் உச்சத் தொகையைச் சொல்லி விட்டால் மட்டும் விதிவிலக்கு. அப்படி விட வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை.

இறுதிப் பில் எஸ்ரிமேற்றை விட 10 வீதத்துக்கு மேல் கூட முடியாது. எஸ்ரிமேற் 800 டொலர் என்றால், அதே வேலைக்கு அதிகம் கேட்கக்கூடியது 880 டொலர். 1,150 என்று பில் வந்தால் அது சட்டத்துக்கு மாறு.

உங்கள் சம்மதம் இல்லாமல் புதிய வேலை செய்யக் கூடாது. கழற்றிப் பார்த்தபோது இன்னொரு பழுது தெரிந்தால், உங்களைக் கூப்பிட்டுச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். ரெலிபோனில் சம்மதம் தந்தால் யார் தந்தது, எந்த இலக்கம், எந்த நாள், எத்தனை மணி என்பதை அவர்கள் குறித்து வைக்க வேண்டும். நீங்களும் உங்கள் கொப்பியில் குறித்து வையுங்கள்.

எஸ்ரிமேற்றுக்குக் காசு எடுப்பதென்றால் முதலே சொல்ல வேண்டும். அதே வேலையை அவர்களிடமே செய்வித்தால் அந்தக் காசை எடுக்கக் கூடாது.

கழற்றிய பழைய பாகங்களை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். வேலைக்குச் சம்மதம் தரும்போதே "பழைய பாகங்கள் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். உண்மையில் பாகம் மாற்றினார்களா என்பதற்கு அதுதான் சாட்சி. இலவசமாகவோ உத்தரவாதத்தின் பேரிலோ மாற்றிய பாகங்களுக்கு இது பொருந்தாது.

போட்ட புதிய பாகங்களுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. எது முதலில் வருகிறதோ அதுவரை. புதுப்பித்த பாகங்களுக்கும் இது உண்டு. ரயர், பற்றறி, பில்ற்றர், விளக்கு, ஒயில் போன்றவை இதற்குள் வராது.

சரி, எஸ்ரிமேற்றில் என்ன இருக்க வேண்டும்? உங்கள் பெயரும் கராஜின் பெயர், விலாசமும், காரின் வகை, இலக்கத் தகடு, காரின் அடையாள இலக்கம், அன்றைக்கு மீற்றரில் காட்டும் கிலோமீற்றர், என்ன வேலை என்ற தெளிவான விபரம், எந்தெந்தப் பாகம், அது புதிதா, பழையதா, புதுப்பித்ததா, ஒவ்வொன்றின் விலை, கூலியும் அதைக் கணக்கிட்ட விதமும், மொத்தத் தொகை, வேலை முடியும் திகதி, இந்த எஸ்ரிமேற் எந்தத் திகதிவரை செல்லும். "பிரேக் வேலை, 600" என்று ஒரு துண்டில் கிறுக்கித் தருவது எஸ்ரிமேற் ஆகாது. முன் பிரேக்கா, பின் பிரேக்கா, தகடு மட்டுமா, வட்டும் சேர்த்தா என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் வராது என்று கூச்சப்பட வேண்டாம். இரண்டு வசனம் போதும். "ரிற்றன் எஸ்ரிமேற், பிளீஸ்." "கோல் மீ பிஃபோர் எக்ஸ்ட்ரா வேர்க்." தமிழ்க் கராஜ் என்றால் தமிழிலேயே கேளுங்கள். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ, எழுதித் தாங்கோ" என்றால் நல்ல மனுசன் குறை நினைக்கமாட்டார். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதும் நல்லது. ஆனால் அவர் உங்கள் ஆளாக இருக்க வேண்டும்; கராஜ்காரரின் கூட்டாளியாக இருக்கக் கூடாது.

"காசாத் தந்தா வரி இல்லை"

ஒன்ராறியோவில் திருத்த வேலைக்கு 13 வீதம் எச்.எஸ்.ரி வரி உண்டு. ஆயிரம் டொலர் வேலைக்கு 130 டொலர். "காசாத் தாங்கோ தம்பி, வரியை விட்டுத் தாறன்" என்று சொல்லும்போது மனம் ஆடத்தான் செய்யும். கையில் காசு குறைவான நேரம் 130 டொலர் சின்னத் தொகை இல்லை.

ஆனால் அந்தக் கதையின் அடுத்த வரியையும் பாருங்கள். வரி இல்லை என்றால் பில் இல்லை. பில் இல்லை என்றால் 90 நாள் உத்தரவாதத்தைக் கேட்க ஆதாரம் இல்லை. கூடக் காசு வாங்கினாலும் காட்ட ஒன்றும் இல்லை. பிறகு காரை விற்கும்போது "இந்த வேலையெல்லாம் செய்திருக்கு" என்று சொல்லவும் முடியாது. 130 டொலரை மிச்சம்பிடித்து ஆயிரம் டொலருக்கான பாதுகாப்பைக் கொடுத்துவிடுகிறீர்கள். அதோடு இது வரி ஏய்ப்பு. வந்த நாட்டில் நாம் முதல் செய்யும் கொடுக்கல் வாங்கலில் அது வேண்டாம்.

கிரெடிற் கார்ட் இருந்தால் அதிலே கட்டுவது இன்னும் பாதுகாப்பு. சட்டத்துக்கு மாறாக எடுத்த தொகையை கராஜ் திருப்பித் தராவிட்டால், அந்தக் கட்டணத்தை மீளப்பெறும்படி கார்ட் கம்பனியிடம் எழுதிக் கேட்க வழி உண்டு. கையிலே எண்ணிக் கொடுத்த காசுக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

காரை மாற்றியமைக்கும் கடைகள்: இரட்டைக் கவனம்

இளம் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி. முழு பெயின்ற், கறுப்புக் கண்ணாடி, பெரிய றிம், தாழ்த்திய ஸ்பிறிங், சத்தம் போடும் சைலன்சர் என்று காரைத் தங்கள் விருப்பப்படி மாற்றித் தரும் கடைகள் ரொறன்ரோ பகுதியில் நிறைய உண்டு. ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் சாதாரண கராஜை விட இங்கே ஆபத்து அதிகம். பிரேக் வேலை ஒரு நாளில் முடியும். இந்த வேலைகள் கிழமைக் கணக்கில், சிலவேளை மாதக் கணக்கில் இழுக்கும். கார் கழற்றிய நிலையில் இருப்பதால் நடுவிலே எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போகவும் முடியாது. முற்பணமும் பெரிதாகக் கேட்பார்கள்.

நாங்கள் பார்த்த ஒரு விடயத்தைச் சொல்கிறேன். பீட்சா கொடுக்கும் வேலை செய்த ஒரு தம்பி, முழுப் பெயின்றுக்கும் முன் பம்பர் மாற்றவும் என்று பேசிய காசில் முக்கால்வாசியை முதல் நாளே கொடுத்துவிட்டார். கடைக்காரர் அன்றைக்கே பம்பரையும் விளக்குகளையும் கழற்றிவிட்டார். பிறகு "பாகம் வரேல்லை", "பெயின்ற் அடிக்கிற பொடியன் லீவு" என்று கதை. வேலைக்குப் போக முடியாமல் வேலை போனது. எழுத்தில் இருந்தது "முற்பணம் பெற்றேன்" என்ற ஒரு வரி மட்டும். என்ன வேலை, எந்தத் திகதி, மொத்தம் எவ்வளவு என்று எதுவும் இல்லை. ஏழாவது கிழமை, கட்டிய காசில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் காரை எடுக்க முடிந்தது.

இதிலிருந்து எடுக்கவேண்டிய பாடங்கள்:

1. பாகங்கள் கைக்கு வந்து சேர முன் எதையும் கழற்ற விடாதீர்கள். பாகம் வரும்வரை காரை நீங்களே ஓடுங்கள்.

2. காசைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். பாகங்கள் வந்ததும் ஒரு பகுதி, பாதி வேலை முடிந்ததும் ஒரு பகுதி, மிச்சம் முடித்துப் பார்த்த பிறகு. எந்தப் பகுதி எப்போது என்பதை எஸ்ரிமேற்றிலேயே எழுதுங்கள்.

3. முடிக்கும் திகதியை எழுத்தில் வாங்குங்கள். "ரெண்டு மூண்டு கிழமை" என்பது திகதி அல்ல.

4. அவர்கள் செய்த காரை நேரில் பாருங்கள். படத்தை யாரும் காட்டலாம். பெயின்ற் வேலை என்றால் கதவு ரப்பரிலும் கண்ணாடி விளிம்பிலும் பெயின்ற் தெறித்திருக்கிறதா, கதவுக்கும் பொடிக்கும் இடையிலான இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா, பகல் வெளிச்சத்தில் நிறம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேலை செய்து ஓரிரண்டு வருடம் ஆன கார் ஒன்றைக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. புதுப் பெயின்ற் எல்லாம் பளபளக்கும். ஒரு பனிக்காலம் கடந்த பெயின்றுதான் உண்மையைச் சொல்லும்.

5. "இது சட்டப்படி சரியா?" என்று கேளுங்கள். நல்ல கடை தானாகவே சொல்லும். 2017 ஜனவரி 1ம் திகதியிலிருந்து தயாரிக்கப்பட்ட வாகனங்களில், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் குறைந்தது 70 வீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். முன் கண்ணாடியில் மேலே 7.5 சென்ரிமீற்றர் பட்டியைத் தவிரக் கறுப்புத்தாள் ஒட்டக் கூடாது. உள்ளே வெறுமையாக்கிய சைலன்சர், நேர்க்குழாய் போன்றவற்றை நெடுஞ்சாலைச் சட்டம் தடை செய்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரைக் கழற்றுவதும் பிழை. "ஒண்டும் செய்யமாட்டினம், எல்லாரும் போடினம்" என்று சொல்லும் கடையை அந்த ஒரு வசனத்திலேயே எடைபோட்டுவிடலாம். ரிக்கெற் வருவது கடைக்கல்ல, உங்களுக்கு.

6. காப்புறுதிக் கம்பனிக்கு அறிவியுங்கள். காரில் செய்யும் மாற்றங்களைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்தபின் இழப்பீட்டில் பிரச்சினை வரலாம். சாப்பாடு கொண்டுபோகும் வேலைக்குக் காரைப் பாவிப்பதையும் இப்படியே சொல்ல வேண்டும்.

விபத்து நடந்த இடத்தில்

யோசிக்காமல் திறப்பைக் கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விபத்து நடந்து, கை நடுங்கிக்கொண்டு நிற்கும்போது கூப்பிடாமலே ஒரு இழுவை வண்டி வந்து நிற்கும். "எனக்குத் தெரிஞ்ச நல்ல பொடி ஷொப் இருக்கு" என்பார். அங்கே போனபின் கார் அவர்கள் கையில்.

ஒன்ராறியோவில் இழுவை வண்டிகளுக்கென்று 2021ல் தனிச் சட்டம் வந்தது. 2024லிருந்து இந்தத் தொழிலை நடத்துபவருக்கும் சாரதிக்கும் மாகாணத்தின் சான்றிதழ் கட்டாயம். பொலிஸ் வேறு விதமாகச் சொன்னாலொழிய, எந்த வண்டி இழுப்பது, எங்கே கொண்டுபோவது என்பதை முடிவு செய்வது நீங்கள். இழுக்க முன் சம்மதப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். கட்டண விபரத்தை முதலே காட்ட வேண்டும். போய்ச் சேரும் விலாசம் எழுதாத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். காப்புறுதிக் கம்பனிக்கு அங்கிருந்தே போன் செய்து எங்கே கொண்டுபோகலாம் என்று கேளுங்கள். ஒன்றும் முடிவு செய்ய முடியாவிட்டால் உங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுங்கள். நாளைக்கு ஆறுதலாக கராஜ் தேடலாம்.

திறப்பைக் கொடுக்கும் நாளில்

கார்த் திறப்பை மட்டும் கொடுங்கள். வீட்டுத் திறப்பைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

காரின் நான்கு பக்கமும், உள்ளேயும், கிலோமீற்றர் காட்டும் இடத்தையும் போனில் படம் எடுங்கள். முதலே இருந்த கீறல் எது, பிறகு வந்த கீறல் எது என்று வாக்குவாதம் வராது.

டாஷ்போர்ட் பெட்டியைக் காலி செய்யுங்கள். அகதிக் கோரிக்கையாளர் பத்திரம், வேலை அனுமதிப் பத்திரம், விசாரணைக் கடிதம், கோரிக்கைப் படிவத்தின் பிரதி எதுவும் காரில் இருக்கக் கூடாது. பத்திரம் தொலைந்தால் திரும்ப எடுக்க எவ்வளவு அலைச்சல் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கோரிக்கையில் எழுதியிருப்பதை ஊரார் வாசிக்கவும் தேவையில்லை.

வெற்றுத் தாளிலோ, பாதி நிரப்பிய படிவத்திலோ கையெழுத்து வைக்காதீர்கள். விளங்காத வசனம் இருந்தால் படம் எடுத்து எங்களுக்கோ, ஆங்கிலம் தெரிந்தவருக்கோ அனுப்பிக் கேட்டபின் வையுங்கள். கையெழுத்து வைத்த எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வாங்குங்கள்.

பிரச்சினை வந்தால்

முதலில் அமைதியாகப் பேசுங்கள். எஸ்ரிமேற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு மேல 10 வீதம்தானே கேக்கலாம்" என்று சொல்லுங்கள். சட்டம் தெரியும் என்று கண்டவுடன் பல தகராறுகள் அந்த இடத்திலேயே முடியும்.

முடியாவிட்டால், வேலைக்குக் கார் உடனே வேண்டும் என்றால், "மறுப்புடன் கட்டுகிறேன்" என்று பில்லில் எழுதிக் காசைக் கட்டி காரை எடுத்துவிட்டுப் பிறகு போராடலாம். அல்லது கேட்கும் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவைத்துக் காரை விடுவிக்கக் கேட்கலாம். அப்போது காசு கராஜ்காரரின் கைக்குப் போகாது. யாருடைய பக்கம் நியாயம் என்று தீரும்வரை நீதிமன்றத்தில் இருக்கும். இதற்கு ஒரு சமூகச் சட்ட உதவி நிலையத்தின் ஆலோசனை எடுங்கள்.

சட்டத்துக்கு மேலாக வாங்கிய காசைத் திருப்பித் தரும்படி, கட்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எழுத்தில் கேட்க 2002ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் அவர்கள் தர வேண்டும். தராவிட்டால் 'கொன்சூமர் புறொரெக்ஷன் ஒன்ராறியோ' என்ற மாகாண அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்யலாம். இலவச இலக்கம் 1-800-889-9768. சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கும் போகலாம். அங்கே வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொதுவாக, பிரச்சினை தெரியவந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 211 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

"என்ர கேசுக்குப் பாதிப்பு வருமோ?"

இந்தக் கேள்வியால்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் சிலர் ஏமாற்றுகிறார்கள்.

உங்கள் அகதிக் கோரிக்கையைத் தீர்மானிப்பது ஊரில் உங்களுக்கு இருக்கும் ஆபத்துப் பற்றிய விடயங்கள். ஒரு கராஜ் மீது நுகர்வோர் முறைப்பாடு செய்வது அந்தக் கோரிக்கையின் பகுதியல்ல. நுகர்வோர் சட்டம் பிரஜைக்கு ஒன்று, அகதிக்கு ஒன்று என்று இல்லை. காசு கொடுத்து வேலை செய்வித்தவர் எவரும் வாடிக்கையாளர்தான். உங்கள் குடிவரவு நிலை என்ன என்று கராஜ்காரர் கேட்கத் தேவையில்லை, நீங்கள் சொல்லவும் தேவையில்லை. "இமிக்ரேஷனுக்குச் சொல்லுவன்" என்று யாராவது மிரட்டினால், சொன்ன நாளையும் நேரத்தையும் வசனத்தையும் அப்படியே எழுதி வைத்து, உங்கள் வழக்கறிஞரிடமோ எங்களிடமோ வாருங்கள். பயந்து காசைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

எங்கள் ஆக்களின் கராஜ்கள் எல்லாம் கூடாது என்று இதை வாசித்து யாரும் நினைக்க வேண்டாம். காசு இல்லாதவருக்குத் தவணையில் கட்ட விட்டு, இரவு பதினொரு மணிக்கும் கடை திறந்து பற்றறி மாற்றிக் கொடுத்த நல்ல மனிதர்களையும் எங்களுக்குத் தெரியும். எழுதிக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. நாளைக்கு நீங்கள் காசு தரவில்லை என்றால் அதே துண்டு அவர்களையும் காப்பாற்றும்.

வெட்டி எடுத்துக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்

திறப்பைக் கொடுக்க முன்:
— கராஜின் பெயர், விலாசம், அனுமதிப் பத்திரம் பார்த்தேன்.
— எழுத்தில் எஸ்ரிமேற் வாங்கினேன். வரியோடு மொத்தம், முடியும் திகதி இருக்கின்றன.
— "என்னைக் கேட்காமல் வேறு வேலை வேண்டாம்" என்று எழுதுவித்தேன்.
— பழைய பாகங்களைக் கேட்டேன்.
— காரையும் கிலோமீற்றரையும் படம் எடுத்தேன்.
— பத்திரங்களையும் வீட்டுத் திறப்பையும் எடுத்துவிட்டேன்.
— கையெழுத்து வைத்ததற்கெல்லாம் பிரதி என்னிடம் உண்டு.

இதில் ஒன்றுக்காவது "இல்லை" என்று பதில் வந்தால் திறப்பு உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். எஸ்ரிமேற் விளங்காவிட்டால் அதைக் கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம், அதற்குக் காசு இல்லை.